நாலே முக்கால் அடி

பரமக்குடி ஷோரூமில் கார்மேகம் கேட்டான்:
"எத்தனை ஏக்கர்ண்ணே?"
ஏழு என்றேன்.
"அப்ப நாற்பத்தஞ்சு குதிரை."
நோட்டில் எழுதியும் விட்டான்.

ஏழுதான். ஆனால் அதில்
நூற்றுத் தொண்ணூற்று மூன்று பனை நிற்கிறது,
எண்ணாமல் விட்ட உடை நிற்கிறது,
மிச்சத்தைச் சீமைக்கருவை
கேட்காமலே குத்தகைக்கு எடுத்திருக்கிறது.
கடைசி வேலிக்கு அந்தப் பக்கம் கடல்.
ஏக்கரை வைத்து வண்டி வாங்குவது
வயதைச் சொல்லிச் செருப்பு வாங்குகிற மாதிரி.

எனக்குக் குதிரைச் சக்தி புதிதில்லை.
மூக்கையூரில் பதினாறு வருஷம் வல்லம் ஓட்டியவன்.
ஒன்பது குதிரையில் தொடங்கி
பன்னிரண்டு, பிறகு இருபது.
கடலில் பெரிசு வாங்கினால்
சீக்கிரம் போகலாம், அவ்வளவுதான்.
இரண்டு அலைக்கு நடுவே எத்தனை அடி என்று
எந்தக் கம்பெனிக்காரனும் கேட்டதில்லை.
அலை விலகும்.
பனை விலகாது.

பிரகாசிதான் சொன்னாள்:
"வண்டிய அப்புறம் அளங்க.
மொதல்ல மரத்துக்கு மரம் உள்ள இடுக்க அளங்க."
பழைய வலைக்கயிற்றில் அடிக்கொரு முடிச்சுப் போட்டாள்.
இரண்டு நாள் உள்ளேயே கிடந்தோம்.
ஏழடி. ஆறு. ஒன்பது.
ஒரு இடத்தில் பன்னிரண்டு;
அங்கே உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம்.
கிணற்றுத் தடத்தில் மட்டும் இரண்டு பனை,
கோர்ட்டுக்கு வந்த சாட்சிகள் மாதிரி ஒட்டி நின்றன.
நாலு முடிச்சு. அதற்குமேல் ஒரு சாண்.
நாலே முக்கால்.
ஏழு ஏக்கரின் அகலம் அதுதான்.

மச்சான் சூசைமரியான் வந்து பார்த்தான்.
"ஒரு பனையத் தட்டிட்டா முடிஞ்சுது.
பெரிய வண்டி நின்னா ஊருக்குள்ள ஒரு இது."
அந்த 'இது' எத்தனை கிலோ என்று அவன் சொல்லவில்லை.
வண்டி இரண்டாயிரம் கிலோ என்று எனக்குத் தெரியும்.
தேரி மணலுக்கும் தெரியும்.
பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேணும் என்றேன்.
அது காரணமில்லை.
கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு
பிரகாசி அந்த மரத்தில்தான் சாய்ந்திருந்தாள்,
அரை மணி நேரம், வேர்க்க வேர்க்க.
பிறகு வெட்டச் சொல்ல வாய் வரவில்லை.

"அப்ப கருவைத் தூரு?"
அதற்கு வருஷத்தில் ஒரு நாள் ஜேசிபி வாடகைக்கு.
கோயில் திருவிழாவுக்கு வருகிற ஆளை எண்ணி
யாராவது வீடு கட்டுவானா?
மச்சான் கட்டுவான். அது வேறு கதை.

வெள்ளிக்கிழமை கார்மேகம்
லாரியில் இரண்டு வண்டி ஏற்றி வந்தான்.
வாசலில் நின்றது.
உள்ளே இருந்த அத்தனை இடுக்கையும் அளந்தவர்கள்
வேலிப்படலை அளக்கவில்லை.
மூன்றரை அடி.
இத்தனை வருஷம் நடந்தே நுழைந்திருக்கிறோம்.
பிரகாசி சிரித்ததில்
லாரி டிரைவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான்.
படலைப் பிடுங்க யார் அனுமதியும் வேண்டாம்.

பதினெட்டு குதிரை முதலில்.
கிணற்றுத் தடத்தில் பூனை மாதிரிப் போனது.
மணல்மேட்டில் பின்சக்கரம் சுற்றிச் சுற்றித்
தனக்கே குழி தோண்டிக்கொண்டது.
நாலு பேர் தள்ளினோம்.

அடுத்தது இருபத்து நாலு,
நாலு சக்கரமும் இழுக்கிறது.
அகலம் நாலடிக்கு இரண்டு விரல் குறைவு.
மேட்டில் ஒரு தடவை இருமிவிட்டு ஏறியது.
இரண்டு பனைக்கு நடுவே வந்தபோது
நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்,
என் வயிறு உள்ளே போனால்
வண்டியும் ஒடுங்கும் என்பது போல.
இந்தப் பக்கம் ஒரு கையகலம்,
அந்தப் பக்கம் ஒரு கையகலம்.
பட்டையில் ஒரு கீறல் இல்லை.

மச்சான் ஒன்றும் பேசவில்லை.
வண்டியைச் சுற்றி வந்து
டயரை ஒரு உதை உதைத்தான்.
அதில் ஏற்கனவே ஒரு கருவைமுள்.

"பஞ்சர் பாக்கத் தெரியுமாண்ணே?"
நடுக்கடலில் வல்லத்து ஓட்டையைச்
சட்டையைக் கழற்றி அடைத்தவனிடம் கேட்கிறான்.

முன்பணம் கொடுத்துவிட்டுத் திரும்பினால்
பிரகாசி கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருக்கிறாள்,
முடிச்சுகளை அவிழ்க்காமல்.
ஏன் என்றேன்.
"பின்னால மாட்டுற ரோட்டாவேட்டரு
எத்தன அடி?"